பூரணி இறங்கிய குளம்

கல்லாத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பூரணி ஆயம்மாவாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் பால் கொடுக்க வருவார்கள். மற்ற நேரமெல்லாம் பால்மா கரைப்பதும், ஈரத்துணி மாற்றுவதும், தொட்டில் ஆட்டுவதும் பூரணியின் வேலை. இன்று ஹட்டனிலும் கொழும்பிலும் கடைகளில் நிற்கிற தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் அவள் மடியில் தூங்கி எழுந்தவர்கள்.

அப்படிப்பட்டவளுக்கு நீந்தத் தெரியும் என்பது போன வருடம் ஆவணி மாதம்வரைக்கும் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. கட்டிய புருஷன் அழகுமுத்துவுக்கே தெரியாது.

அது பாடசாலை விடுமுறைக் காலம். ஒரு சனிக்கிழமை, வேலை அரைநாளோடு முடிந்துவிட்டது. பூரணி காம்பராவைப் பூட்டாமல், குழந்தைகள் படுக்கிற பாய்களைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே, தேயிலை முடிகிற இடத்தில், நீர்த்தேக்கம். மழை பிந்திப்போனதால் தண்ணீர் வற்றி, கரையெல்லாம் சேறாகக் கிடந்தது. மீன் பிடிக்கப் போன மூன்று பையன்களில் இரண்டு பேர் அலறிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள்.

"திலக்ஷன் உள்ள போயிட்டான்! திலக்ஷன் உள்ள போயிட்டான்!"

பூரணி பாயைப் போட்டுவிட்டு ஓடினாள். பாதையில் சுற்றிப் போகாமல் தேயிலைச் செடிகளுக்குள்ளேயே விழுந்தும் எழுந்தும் இறங்கினாள். கரையில் ஏழெட்டு ஆம்பிளைகள் நின்றார்கள். ஒருவன் கயிறு கொண்டுவந்திருந்தான். இன்னொருவன் நீளமான கம்பு தேடி ஓடியிருந்தான். கயிற்றை எங்கே எறிவது, யாரைப் பிடிக்கச் சொல்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தண்ணீர் அசைவில்லாமல் இருந்தது. அந்தக் கூட்டத்தில் நீந்தத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

"எந்த எடத்துல?" என்று பூரணி கேட்டாள். பையன் கையை நீட்டிக் காட்டினான்.

சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் சொருகிக்கொண்டு அவள் தண்ணீருக்குள் நடந்தாள். "ஏய் பூரணி, பைத்தியமா ஒனக்கு?" என்று யாரோ கத்தினார்கள். இடுப்பளவு வந்ததும் அவள் முன்னால் சாய்ந்தாள். நீந்தினாள். முதல் முழுக்கில் சேறுதான் கையில் வந்தது. இரண்டாவதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாவது முழுக்கில் ஒரு சட்டை அகப்பட்டது.

அவனைக் கரையில் போட்டு வயிற்றை அமுக்கினார்கள். லொறியில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். கொண்டு வருவதற்கு வெகுநேரம் முன்பே உயிர் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். பதினொரு வயதுப் பையன். ஒன்பது மாதக் குழந்தையாகக் காம்பராவுக்கு வந்து, மூன்று வருடம் பூரணியின் இடுப்பை விட்டு இறங்காதவன்.

கருமாதி முடிந்த மறுநாள் பூரணி அவன் தாய் சுதர்ஷினியைப் பார்க்கப் போனாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு. சுதர்ஷினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளையவள் பிரேமினி, எட்டு வயது, தாயின் காலடியில் படுத்திருந்தாள். பூரணி எதிரே உட்கார்ந்தாள்.

பிறகு சுதர்ஷினி தலையைத் தூக்கிக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"பூரணிக்கா, ஒங்களுக்கு நீந்தத் தெரியுமுன்னா, எங்க புள்ளைகளுக்கு ஏன் சொல்லிக் குடுக்கல?"

பூரணி படுத்திருந்த பிரேமினியைப் பார்த்தாள். எழுந்து வந்துவிட்டாள்.

அவள் நீந்தப் பழகிய கதை இது. தோட்டத்திலிருந்து மூன்று மைல் தள்ளி, பஜாருக்கு மேலே, வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்கள் வீட்டாரும் குளிக்கக் கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. கூரை போட்ட பெரிய கட்டடம். தோட்டத்து ஆட்கள் அதைச் 'சுமிங்பாத்து' என்பார்கள். துரைமார் போன பிறகு உள்ளூராட்சிச் சபை அதை எடுத்துப் பொதுமக்களுக்கென்று திறந்துவிட்டது. பூரணியின் அப்பா செல்லசாமி அங்கே கூட்டித் துடைக்கிற ஆளாக இருந்தார். டிக்கட் கொடுத்தவள் டோரீன் என்ற பெண், பஜார் மாதா கோயில் பக்கத்தில் குடியிருந்தவள். கிழமைக்கு ஒருமுறை, திங்கட்கிழமை காலையில், பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு ஓடையிலிருந்து புதுத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் கடைசி ஆள் போனபிறகு தண்ணீர் யாருக்கும் வேண்டாததாகிவிடும். அந்த ஒரு மணித்தியாலம் பூரணிக்கு.

செல்லசாமிக்கு நீந்தத் தெரியாது. டோரீனுக்கும் தெரியாது. ஒருவர் கரையில் மூங்கிலை நீட்டிக்கொண்டு நிற்பார், மற்றவர் சுவாமியை வேண்டிக்கொண்டு நிற்பார். பூரணி கவுனோடு இறங்கி, பகலில் குளிக்க வந்தவர்கள் கை வீசியதைப் பார்த்துப் பார்த்துத் தானே பழகினாள். எட்டு வயதில் மிதந்தாள். பத்து வயதில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தாள். எண்பத்தொன்பதில் கிளர்ச்சியும் ஊரடங்குமாக நாடு இருந்த நிலைமையில் கட்டடத்தைப் பூட்டினார்கள், பிறகு திறக்கவேயில்லை. செல்லசாமி மலை வேலைக்குத் திரும்பினார். பூரணி பெரிய பிள்ளையானாள். நனைந்த துணி உடம்பில் ஒட்ட ஆம்பிளைகள் வருகிற இடத்தில் மகள் நீந்தினாள் என்று ஊரில் பேச்சு வந்துவிடுமோ என்று அம்மா பயந்தாள். "இத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள். பூரணியும் சொல்லவில்லை. சொல்லாமலேயே முப்பத்தைந்து வருடம் போய்விட்டது.

சுதர்ஷினி கேட்ட நாளிலிருந்து, தொட்டிலை ஆட்டும்போது எந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாலும் அந்தக் கேள்வி வந்து நின்றது. புரட்டாசியில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறிச் சபைக் காரியாலயத்துக்குப் போனாள்.

"சுமிங்பாத்தத் தெறந்து பாக்கணும்" என்றாள்.

மேசையில் இருந்த பையன் சிரித்துவிட்டான். "அது ஒடைக்கப் போற கட்டடம் அம்மா. உள்ள பாம்புதான் இருக்கும்."

பின்னால் கோப்பு தேடிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். வேலைப் பகுதி மேற்பார்வையாளர் கஜேந்திரன். வட்டகொடைக்காரர், நாற்பது வயதிருக்கும். ஏன் என்று கேட்டார். பூரணி சொன்னாள். பையன் செத்ததையும் சொன்னாள், சுதர்ஷினி கேட்டதையும் சொன்னாள். அவர் கையிலிருந்த கோப்பை மேசையில் வைத்தார்.

"வியாழக்கிழமை நான் அங்க போகத்தான் வேணும். ஒடைக்கிறதுக்கு முந்தி ரிப்போட் எழுதணும். பத்து மணிக்கு வாங்க அக்கா. ஆனா ஒண்டும் எதிர்பாக்க வேணாம்."

வியாழக்கிழமை மூடுபனியும் தூறலுமாக இருந்தது. படிகளில் பாசி. பூட்டுக்குச் சாவி திரும்பவில்லை. கஜேந்திரன் ஒரு கல்லை எடுத்து நாலு அடி அடித்ததும் பூட்டு கொண்டியோடு கழன்று விழுந்தது. கதவை இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். உள்ளேயிருந்து ஈரமும் வௌவால் எச்சமும் கலந்த வாடை வந்து முகத்தில் மோதியது.

முதலில் டிக்கட் ஜன்னல். கம்பி துருப்பிடித்து, உள்ளே டோரீன் உட்கார்ந்த நாற்காலியின் இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. எதிர்ச் சுவரில் விதிகள் எழுதிய பலகை, மூன்று மொழியிலும். தமிழ் கடைசியில் இருந்தது. பூரணி தொட்டுத் துடைத்து வாசித்தாள். குளியல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது. ஆறு வயதில் எழுத்துக் கூட்டி அவள் வாசித்த வரி. தோட்டத்தில் அந்த உடை யாரிடமும் இல்லை. எல்லாருக்கும் திறந்த கட்டடம்தான், யாரும் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. லயத்திலிருந்து ஒருவரும் வந்ததுமில்லை.

"பாத்து வாங்க, மேல தகரம் தொங்குது" என்றார் கஜேந்திரன்.

உடை மாற்றும் அறைகள் வரிசையாக இருந்தன. ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு மூன்று. கதவுகளை யாரோ விறகுக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவர்களில் பன்னைச் செடி முளைத்துத் தொங்கியது. ஓர் அறையில் சாராயப் போத்தல்கள் குவிந்து கிடந்தன. இன்னொன்றில் யாரோ சில நாள் தங்கியிருந்த அடையாளம், மூன்று கல் அடுப்பும் கரி பிடித்த சுவரும். பூரணியின் காலில் ஒன்றல்ல, நாலைந்து அட்டைகள் ஏறியிருந்தன. குனிந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள்.

பிறகு குளத்தின் விளிம்புக்கு வந்தார்கள்.

கூரையின் நடுப்பகுதி இல்லை. அந்தத் துவாரத்தின் வழியாக மூடுபனி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஆழம் குறைந்த பக்கம் வறண்டு, இலையும் மண்ணும் மூடிக் கிடந்தது. ஆழமான பக்கத்தில் மழைத்தண்ணீர் கறுப்பாகத் தேங்கி நின்றது. யாரோ ஒரு பஸ் இருக்கையைக் கொண்டுவந்து அதில் போட்டிருந்தார்கள். விளிம்பில் மூன்று, ஐந்து, எட்டு என்று அடிக்கணக்கு இன்னும் தெரிந்தது. அவள் நினைவில் இருந்தது கடல் மாதிரி ஒரு குளம். இது அவ்வளவு பெரியதாக இல்லை.

பூரணி இரும்பேணியைப் பிடித்து மூன்றடிப் பக்கத்தில் இறங்கினாள்.

"அக்கா, நில்லுங்க! அங்கால போகாதீங்க, தளம் உள்ள போயிருக்கு."

அவள் நின்றாள். மேட்டுப் பக்கச் சுவரை மலை மண் தள்ளியிருந்தது. மேலிருந்து அடிவரைக்கும் ஒரு வெடிப்பு, கையை முழங்கைவரை விடலாம். அதற்குள்ளிருந்து ஒரு மரத்தின் வேர் தடியாக வெளியே வந்து, தரையில் ஊர்ந்து, மறுபடி தரைக்குள் போயிருந்தது. கஜேந்திரன் மேலே நின்று ரோர்ச் லைட்டை அடித்துச் சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"இது தேறாது" என்றார். "நான் பொய் சொல்லப் போறதில்ல. காசு கொட்டினாலும் இந்தச் சுவர் நிக்காது. ஒரு பெரிய மழை போதும்."

பூரணி தலையாட்டினாள். மேலே ஏறி வரவில்லை. இலைகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்பது கஜேந்திரனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. ஆஸ்பத்திரியிலும் அழாதவள், கருமாதியிலும் அழாதவள், அங்கே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தபடி நின்றார்.

எழுந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள், "பின்னால ஒண்டு இருந்திச்சே, சேர். அதுவும் போயிடுச்சா?"

"பின்னால என்ன?"

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பம்ப் அறையைத் தாண்டி, ஒரு சின்னக் கதவு வழியாக அவள் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கட்டடத்துக்குப் பின்னால், திறந்த வெளியில், புதர் மண்டிக் கிடந்த ஒரு பள்ளம். துரைமார் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் விளையாடக் கட்டிய தொட்டி. பூரணி செடிகளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, மக்கிய இலைகளை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டாள். ஒரு முழம் ஆழத்துக்கு இலைதான். அடியில் பச்சைப் பூச்சுச் சீமெந்து தெரிந்தது. காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தாள். கஜேந்திரனும் சப்பாத்தோடு இறங்கி, சுத்தியலின் பின்பக்கத்தால் நாலு மூலையிலும் தட்டினார். இரண்டு இடத்தில் மயிரிழை வெடிப்பு. மற்றபடி கெட்டியாகவே இருந்தது.

"இது நல்லாத்தான் கெடக்குது" என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு சொன்னார், "ஆனா இதுல எங்க நீந்துறது? எனக்குத் தொடைக்கு மேல வராதே."

"நீந்துறதுக்கு இல்லீங்க சேர். மெதக்கத் தெரிஞ்சா போதும். பயந்து கையக் கால ஒதறாம மல்லாந்து கெடந்தா, ஆள் வந்து தூக்குற வரைக்கும் உசுரு நிக்கும். அன்னைக்கி நான் போய்ச் சேர்றதுக்குக் கொஞ்ச நேரந்தான். அந்தக் கொஞ்ச நேரம் அவன் மெதந்திருந்தா..."

அவள் முடிக்கவில்லை. கஜேந்திரன் சுத்தியலைப் பையில் வைத்தார்.

"எனக்கும் நீந்தத் தெரியாதக்கா. எங்க வீட்டுலயும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். "இது கூரைக்கு வெளிய இருக்கு. கட்டடம் விழுந்தாலும் இதுல விழாது. அப்பிடித்தான் எழுதுவன். மத்தது அவங்க கையில."

ஒரு மாதம் கழித்துச் சபையிலிருந்து கடிதம் வந்தது. உடைப்பு வேலை தொடங்கும் வரை, பின்பக்கத் தொட்டியை மட்டும், பெரியவர்களின் கண்காணிப்பில் பயன்படுத்தலாம். முன்கட்டடத்துக்குள் எவரும் போகக் கூடாது.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து அழகுமுத்து வந்திருந்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மனைவி தண்ணீருக்குள் பாய்ந்த கதையை ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே இரண்டு பேர் அவனிடம் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

"கல்யாணமாகி இருவத்தாறு வருசம்" என்றான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் யோசித்தான். "வெளிய சொல்லாதன்னு சொல்லியிருப்பன்" என்று ஒத்துக்கொண்டான். மறுநாள் அவனே சீமெந்துப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். தோட்டத்தில் பத்துப்பேர் சேர்ந்து புதர் வெட்டி, வெடிப்பை அடைத்து, ஓடையிலிருந்து குழாய் இழுத்தார்கள்.

தைப்பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். பெண்பிள்ளைகள் பழைய கவுனோடு, பையன்கள் பாடசாலைக் காற்சட்டையோடு. அவள் யாருக்கும் எந்த உடையும் விதிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையோடும் தாயோ தகப்பனோ வர வேண்டும் என்பது மட்டும் அவள் வைத்த சட்டம். தண்ணீர் பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. பிள்ளைகளின் உதடு நீலம் பாரித்ததும் மேலே ஏற்றிச் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுப்பார்கள். பூரணி தொட்டியின் நடுவில் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பாள். பிள்ளையின் முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "வானத்தப் பாரு. என்னையப் பாக்காத, வானத்தப் பாரு" என்பாள். கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பாள். பிள்ளைக்கு அது தெரியாது.

சுதர்ஷினி வரவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் துணியவில்லை.

ஐந்தாம் கிழமை குடையோடு வந்து வேலிக்கு வெளியே நின்றாள். பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த கிழமை பிரேமினியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். தண்ணீரைக் கண்டதும் பிள்ளை வீறிட்டுக் கத்தினாள். அவளுக்கு எல்லாத் தண்ணீருமே அண்ணன் போன தண்ணீர்தான். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பூரணி பிரேமினியை இறக்கவில்லை. தானும் மேலே ஏறி, அவளோடு விளிம்பில் உட்கார்ந்தாள். இருவரும் காலை மட்டும் தண்ணீரில் விட்டார்கள். அன்று அவ்வளவுதான். அடுத்த ஞாயிறும் அவ்வளவுதான். மூன்றாம் ஞாயிறு பிள்ளை தானாக இறங்கி, இரண்டு கையாலும் பூரணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். பங்குனி கடைசியில் ஒருநாள், பூரணி கையை எடுத்துவிட்டு இருபதுவரை எண்ணினாள். பிரேமினி மல்லாந்து, கண்ணை அகலத் திறந்தபடி, அசையாமல் மிதந்தாள். சுதர்ஷினி குடையை மடக்கிக் கீழே போட்டுவிட்டு விளிம்புக்கு வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தாள். மகளின் ஈரத்தலையைத் தொட்டாள். பூரணி நகர்ந்து கொடுத்தாள்.

ஆனி மாதம் இயந்திரம் வந்தது. முன்கட்டடத்தை இரண்டு நாளில் இடித்தார்கள். மலைப்பக்கச் சுவர் சரிந்தபோது மண்ணும் கல்லும் உருண்டு பின்பக்கத் தொட்டியையும் பாதிக்கு மேல் மூடிவிட்டன. கஜேந்திரன் தானே தோட்டத்துக்கு வந்து அதைச் சொன்னார். கட்டப்போகும் புதுக் கட்டடம் சந்தைக்கானது என்றும், அதன் வரைபடத்தில் குளம் எதுவும் இல்லை என்றும் மறைக்காமல் சொன்னார். அதுவரைக்கும் இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு மிதக்கத் தெரிந்திருந்தது. தோட்டத்தில் பாடசாலை போகிற பிள்ளைகள் நூறுக்கு மேல்.

ஆவணியில் திலக்ஷனின் வருசத் திதி வந்தது. பூரணி போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து தடுமாறினாள். போனபோது படையல் முடிந்து இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுதர்ஷினி அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தாள். சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள். நிமிராமல், தணிந்த குரலில் சொன்னாள்:

"அன்னைக்கி நான் கேட்டது ஒங்க மனசுல கெடக்கும். தெரியும்."

"கேக்க வேண்டியதுதான் கேட்ட" என்றாள் பூரணி. "நல்லதுக்குத்தான் ஆச்சு. சாப்புட வா."

"சபைக்குப் போய் இன்னொரு தொட்டி கேட்டு எழுதிக் குடுக்கப் போறீங்கன்னு கஜேந்திரன் சேர் சொன்னாரு. எப்ப போறீங்க?"

"அடுத்த புதன்கிழம."

"நானும் வாறேன்."

புதன்கிழமை இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். சபைக் காரியாலயத்தில் மூன்று மணித்தியாலம் காத்திருக்க வைத்தார்கள். கடைசியில் உள்ளே கூப்பிட்டபோது, பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தவர் திலக்ஷன் தண்ணீரில் போனதிலிருந்து தொடங்கிய கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, யார் நீங்கள், எந்தச் சங்கம் என்று கேட்டார்.

சுதர்ஷினி ஓரடி முன்னால் வந்தாள்.

"சங்கம் இல்லீங்க ஐயா. நான் திலக்ஷனோட அம்மா" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாற்காலிகளைக் காட்டினார். சுதர்ஷினி உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பூரணி பக்கத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.